பிரக்கிராசி

பிரக்கிராசி, பெ. இலங்கையில் வழக்காளியின் சார்பில் மனு, பத்திரம் முதலியவற்றை ஆயத்தம் செய்து நீதிமன்றில் தாக்கல் செய்த சட்டத் தொழிலர், புறொக்டர். 'பிறக்கிராசி' என்றும் எழுதுவர். நீதிமன்றில் வாதாடுவதில் முதன்மை பெற்ற அப்புக்காத்திலிருந்து வேறானவர்.

பிறர் சார்பில் செயற்பட அளிக்கும் அதிகாரத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லோடு இது தொடர்புடையது. சிங்களத்தில் வழங்கும் 'பெரகதோரு'வும் அந்தக் குடும்பமே. இரண்டுக்கும் அடி, 'மற்றவருக்காகக் கவனித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினை. வழக்காளி கையொப்பமிட்டுக் கொடுக்கும் 'பிரொக்சி'யும் அதே வேரில் பிறந்தது. நம்பி ஒப்படைத்தல் என்ற கருத்து இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. தொழில் ஒழுக்க விதிகளின் அடிப்படையும் அதுவே.

1815இல் பிரித்தானியர் வசமான கண்டி இராச்சியம், 1833 வரை தனி நிருவாகத்தில் இருந்தது. அவ்வாண்டின் நீதிச் சாசனம் அதையும் உயர்நீதிமன்றின் கீழ்க் கொணர்ந்தது. அப்புக்காத்துகளையும் பிரக்கிராசிகளையும் அனுமதிக்கும் அதிகாரம் அந்த மன்றுக்கே உரியதாயிற்று.

1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவினரையும் 'சட்டத்தரணி' என ஒன்றாக்கியது. 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காக ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர்நீதிமன்ற நீதியரசர் மூவர் சேர்ந்தமர்ந்து தீர்ப்பர். அதற்கு முன் குற்றச்சாட்டின் பிரதி அவருக்குக் கிடைக்கவேண்டும்; விளக்கமளிக்க அவகாசமும் வேண்டும். இந்தப் பாதுகாப்பு மிக அவசியமானது, ஏனெனில் பறிபோவது ஒருவரின் வாழ்வாதாரம். கண்டியில் தொழில் செய்பவரும் உயர்நீதிமன்றம் அமைந்துள்ள கொழும்பு புதுக்கடையிலேயே பதில் சொல்லவேண்டும்.