சிறையிலிருந்து பேரேட்டுக்கு

2020-ஆம் ஆண்டின் இறுதியில், என்னிடம் தமிழ் படித்த பி.காம். மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அடையாறில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர இருந்தவள். பொதுமுடக்கத்தில் அந்த இடம் கைநழுவிப் போயிருந்தது. "அண்ணனுக்கும் வேலை போச்சு மேம். ஆனா அவனுக்கு வீட்ல வேற வேலை தேடறாங்க. எனக்கு மாப்பிள்ளை தேடறாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்று அவளிடம் நான் ஆர். சிவபோகம் என்ற பெயரைச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதில்லை. வணிகவியல் படித்தவளுக்கே தெரியாத பெயராக அது இருப்பது என்னை உறுத்தியது.

சிவபோகம் இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர். 'முதல் பெண்' என்ற பட்டத்தோடு நாம் பல கதைகளை முடித்துவிடுகிறோம். எந்தக் காலத்தில், எதை எதிர்த்து, யார் துணையோடு முதலானார் என்று கேட்பதில்லை.

அவர் பிறந்தது 1907 ஜூலை 23. அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன், 1906 அக்டோபரில், சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரர் கம்பெனி, பணம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கானோர். வக்கீல்கள், ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள் எனப் பலரின் சேமிப்பு ஒரே நாளில் முடங்கியது. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் காயத்திலிருந்துதான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கை யார் பார்க்கிறார்கள், யாருக்காகப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை இந்த நகரம் உரக்கக் கேட்ட ஆண்டில் பிறந்த குழந்தை அவர்.

திருவல்லிக்கேணியில் சகோதரி சுப்புலட்சுமியின் பொறுப்பில் இருந்த லேடி வெலிங்டன் பள்ளியில் படித்தார். பிறகு கடற்கரையை ஒட்டிய ராணி மேரிக் கல்லூரி. இளங்கைம்பெண்ணான சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்றவர்களுக்கு விடுதியும் பள்ளியும் அமைத்தவர். படித்த பெண் சம்பாதிக்கலாம், சம்பாதித்துத் தனியாக வாழலாம் என்பதைத் தன் வாழ்க்கையாலேயே காட்டிய ஆசிரியர் கிடைத்தது சிவபோகத்தின் பேறு.

அவர் படிப்பை முடித்து வெளியே வந்த காலம் நல்ல காலமல்ல. 1929-இல் தொடங்கிய உலகப் பெருமந்தம் சென்னை மாகாணத்தை அதன் வயல்கள் வழியாகத் தாக்கியது. நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. வரியும் வட்டியும் சரியவில்லை. பர்மாவில் கடன் கொடுத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்குப் பணம் திரும்பவில்லை. அடமான நிலங்களே மிஞ்சின. பட்டதாரி ஆண்களுக்கே வேலையில்லாத நேரம் அது.

இந்த மந்தத்தைப் பெண்களின் உடம்பில் படிக்கலாம். 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க நியதியைக் கைவிட்டது. ரூபாயோ 18 பென்ஸ் என்ற விகிதத்தில் ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்தது. ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து ரூபாயின் மதிப்பும் இறங்க, தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. கடனும் வரியும் கட்ட வழியில்லாத வீடுகளிலிருந்து நகை வெளியே வந்தது, உருக்கப்பட்டுக் கப்பலேறியது. 'முடங்கிக் கிடந்த தங்கம் புழக்கத்துக்கு வந்தது' என்பது அன்றைய பொருளாதார மொழி. முடங்கிக் கிடந்ததாம்! அது காதிலும் கழுத்திலும் கையிலும் கிடந்தது. சொத்துரிமை இல்லாத பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அநேகமாக இருந்த ஒரே பொருள் அந்தச் சீதனம். நெருக்கடி வந்ததும் முதலில் எடுக்கப்பட்டது அது. எந்தப் பேரேட்டிலும் அவள் பெயர் கடன் கொடுத்தவளாக எழுதப்படவில்லை.

இந்தச் சூழலில்தான் சிவபோகம் சுதேசி இயக்கத்துக்கு வருகிறார். ருக்மிணி லட்சுமிபதியும் அம்புஜம்மாளும் முன்னின்ற வட்டம் அது. அந்நியத் துணிப் புறக்கணிப்பில் ஈடுபட்டதற்காக வேலூர்ச் சிறையில் ஓராண்டு இருந்தார். சிறையிலேயே கணக்கியல் படிக்க முடிவெடுத்தார் என்பார்கள். வெளியே வந்து சி. எஸ். சாஸ்திரி என்ற தணிக்கையாளரிடம் பயிற்சி பெற்று, 1933-இல் அரசின் கணக்கியல் பட்டயத் தேர்வான ஜி.டி.ஏ.வில் தேறினார். பெண்களுக்கு ஆசிரியப் பணியும் மருத்துவமும் ஓரளவு திறந்திருந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வழக்கறிஞராகவும் முடிந்தது. பணத்தின் அறைக்குள் பெண் நுழைவது வேறு விஷயம். இங்கிலாந்திலேயே மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891-இல் விண்ணப்பித்து மறுக்கப்பட்டு, 1920-இல்தான் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

தேறிய பிறகும் சிவபோகத்துக்கு வழி திறக்கவில்லை. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்ற தடை குறுக்கே நின்றது. அவர் நீதிமன்றம் போனார், வென்றார். 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தேர்வுக்கும் தொழிலுக்கும் இடையில் நான்கு ஆண்டுகள். 'மார்க்கெட் சரியில்லை, கொஞ்ச நாள் பொறு' என்று இன்று பெண்களிடம் சொல்கிறோமே, அந்தக் 'கொஞ்ச நாளில்' ஒரு பெண்ணின் எத்தனை வாய்ப்புகள் மூடப்படும் என்பது நமக்குத் தெரியும். அவர் அந்த நாட்களை வழக்காடக் கழித்தார்.

1937 பெண்களுக்கு முக்கியமான ஆண்டு. இந்துக் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் வரையறுத்த அளவிலேனும் உரிமை தந்த சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. துர்காபாய் சென்னையில் ஆந்திர மகிள சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டு. மந்தம் கணக்காளர்களின் தேவையைக் குறைக்கவில்லை, கூட்டியது. 1936-இல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டு விதிகள் இறுகின. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடப்பட்டபோது, அர்பத்நாட் காலத்துக் கேள்வியையே மக்கள் மறுபடியும் கேட்டார்கள்.

1949-இல் பட்டயக் கணக்காளர் சட்டம் வந்தது. 1955 முதல் 1958 வரை அந்த நிறுவனத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்கு சிவபோகம் தலைவர். அந்தப் பொறுப்பை வகித்த முதல் பெண் அவர். தேர்வில் சிறக்கும் பெண்களுக்காகப் பரிசு ஒன்றையும் ஏற்படுத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார். 1966-இல் இறந்தார்.

அவரைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பள்ளி, கல்லூரி, ஆங்கிலம், இயக்கத் தொடர்பு, பயிற்சி தர முன்வந்த ஒரு மூத்தவர் ஆகிய எல்லாம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கச் சாதியும் வர்க்கமும் பெரும்பாலும் வழிவிட வேண்டியிருந்த காலம் அது. அதே மயிலாப்பூரில் மாட வீதியில் பூ விற்றவளும் கடற்கரையில் மீன் விற்றவளும் தினமும் கணக்குப் பார்த்தவர்கள்தான். தண்டல்காரருக்கு எவ்வளவு, நாளைய முதலுக்கு எவ்வளவு என்று மனத்திலேயே பேரேடு வைத்திருந்தவர்கள். அந்தத் திறமைக்கு ஒரு பட்டயமும் இல்லை.

என் அம்மாவும் அப்படித்தான். பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் நாட்காட்டித் தாளின் பின்புறம். தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு நிதி நிறுவனம் அதிக வட்டி தருவதாகச் சொன்னது. அப்பா பணத்தை அம்மா பெயரில் போட்டார். எங்கே கையெழுத்துப் போடு என்றாரோ அங்கே அம்மா போட்டாள். அந்த நிறுவனம் இழுத்து மூடப்பட்ட மாதம் என் கல்லூரிக் கட்டணத்துக்கு அவளுடைய இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. "பால்காரன்கிட்ட கேக்கற கேள்வியை அவங்ககிட்ட கேக்கத் தோணலையே" என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கத் தெரியாதவள் அல்ல என் அம்மா. கேட்கும் இடத்தில் அவள் உட்கார வைக்கப்படவே இல்லை.

இதையெல்லாம் மாணவியிடம் அன்று சொல்லி முடிக்க முடியவில்லை. "கேஸ் போட்டாங்களா மேம்? ஜெயிச்சாங்களா?" என்பது மட்டும்தான் அவள் கேட்டது. அவள் ஏழு மாதம் கழித்து மயிலாப்பூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தாள். உதவித்தொகை மிகக் குறைவு. அதிலிருந்து மாதம் ஐந்நூறு ரூபாய் தன் பெயரில் தனிக் கணக்கில் போடுகிறாளாம். பாஸ்புத்தகத்தைத் தானே வைத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.