வெள்ளியிலிருந்து வந்த மெல்லிய குரல்

தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நம்மில் மூத்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். இரவு வேளையில் வானொலிப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கு நடுவே எங்கோ தொலைவிலிருந்து வரும் தமிழ்க் குரலைத் தேடிப் பிடிப்போம். குரல் தேயும், மறையும், மீண்டும் எழும். வெறும் இரைச்சல் என்று பெட்டியை மூடிவிட்டவர்க்கு ஒன்றும் கிட்டாது. வேற்றுக் கிரகம் ஒன்றின் தரையிலிருந்து மனிதனுக்கு முதன்முதலாகக் கிடைத்த செய்தியும் இவ்வாறே இரைச்சலுக்குள் ஒளிந்திருந்தது. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

வெள்ளியை நம் முன்னோர் நன்கு அறிவர். அது தென்திசை சென்றால் மழை பொய்க்கும் என்று சங்கப் புலவர்கள் கருதினர். பிற்காலத்து வானநூலார் தொலைநோக்கியால் உற்று நோக்கியும், மேகப் போர்வையன்றி வேறொன்றும் அவர்களுக்குப் புலப்படவில்லை. மேகம் இருந்தால் நீரும் இருக்கும் என்று பலர் ஊகித்தனர். ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் அர்ரேனியஸ், அங்கே சதுப்பு நிலமும் செழித்த தாவரங்களும் இருக்கலாம் என்றார். 1950-களில் ரேடியோ அலைகளைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி, அங்கே கடும் வெப்பம் நிலவுவதாகக் காட்டியது. ஆயினும் ஐயம் முற்றும் தீரவில்லை.

நேரில் அறிய முற்பட்டது சோவியத் நாடு. 1966 மார்ச்சு 1-ஆம் நாள் அதன் வெனீரா 3 வெள்ளியை எட்டியது. ஆனால் அதற்கு முன்பே அதன் குரல் அடங்கிவிட்டது. அடுத்துச் சென்ற வெனீரா 4-இன் அமைப்பிலே பழைய ஊகத்தின் சாயல் தெரிகிறது. கலம் நீரில் விழவும் கூடும் என்று எண்ணி, அதில் சர்க்கரையால் ஆன பூட்டு ஒன்றை வைத்திருந்தனர். நீர் பட்டதும் சர்க்கரை கரையும். பூட்டுத் திறந்து ஏரியல் வெளிப்படும். அந்தச் சர்க்கரை கரைய அங்கே ஒரு சொட்டு நீரும் இல்லை.

1967 அக்டோபர் 18-இல் அக்கலம் பாராசூட்டில் தொங்கியபடி ஒன்றரை மணி நேரம் செய்தி அனுப்பியது. காற்றில் மிகப் பெரும் பகுதி கரியமில வாயு என்று தெரிந்தது. கடைசியாகக் கிடைத்த உஷ்ண அளவு 262 டிகிரி சென்டிகிரேட். பிறகு மௌனம். கலம் தரையைத் தொட்டுவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் மறுநாள் வெள்ளியைக் கடந்து சென்ற அமெரிக்காவின் மாரினர் 5 தந்த கணக்கு இதற்குப் பொருந்தவில்லை. அளவுகளை ஒப்பிட்டபோது உண்மை விளங்கியது. கலம் தரைக்குச் சுமார் 25 கிலோமீட்டர் உயரத்திலேயே அழுத்தம் தாங்காமல் அழிந்திருந்தது. 1969 மே மாதத்தில் சென்ற வெனீரா 5, வெனீரா 6 ஆகியவையும் தரையை எட்டுமுன் நசுங்கின.

இத்தோல்விகளே அடுத்த கலத்துக்கு அளவுகோல் ஆயின. ஜார்ஜி பபாக்கின் தலைமையில் இயங்கிய பொறியியலாளர், 180 வாயுமண்டல அழுத்தம் தாங்கும்படி டைட்டானியத்தால் கூடு செய்தனர். கூட்டின் எடை ஏறியதால் உபகரணங்களைக் குறைத்தனர். வெப்பத்தைச் சற்று நேரமாவது எதிர்த்து நிற்கட்டும் என்று, இறங்குமுன் கூட்டை உறைநிலைக்கும் கீழே குளிரச் செய்தனர்.

1970 டிசம்பர் 15-ஆம் நாள் வெனீரா 7 இறங்கியது. பாராசூட் பழுதுற்றது. கலம் வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியது. குரல் நின்றது. முடிந்தது என்றே தோன்றிற்று. ஆனால் ஆறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால், பூமியிலே, ஒலிப்பதிவு நாடாக்கள் சுழன்றுகொண்டே இருந்தன. பின்னர் அந்த இரைச்சலைப் பொறுமையோடு அலசியபோது, முன்னிருந்த வலுவில் நூற்றில் ஒரு பங்கே கொண்ட மெல்லிய சமிக்ஞை வெளிப்பட்டது. கலம் சாய்ந்து கிடந்ததால் ஏரியல் பூமியை நோக்கவில்லை போலும். இருப்பினும் அது 23 நிமிஷம் பேசியிருந்தது.

பேசியதும் ஒரே சொல்தான். அளவுகளை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டிய சுவிட்சு சிக்கிக்கொண்டதால் உஷ்ணம் ஒன்றே வந்தது: 475 டிகிரி அளவில், ஏறாமலும் இறங்காமலும். மாறாத அந்த எண்ணே கலம் தரையில் நிற்பதற்குச் சான்றாயிற்று. அதைக்கொண்டு கணக்கிட்டு, அழுத்தம் நம் பூமியில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு என்றனர். கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்கு இது சமம். அத்துடன் சதுப்பு நிலக் கனவும் கலைந்தது.

பின்னர் வழி எளிதாயிற்று. 1975 அக்டோபர் 22-இல் வெனீரா 9 அந்நிலத்தின் தட்டையான கற்களைப் படமெடுத்து அனுப்பியது. 1982-இல் வெனீரா 13 சுமார் 32 நிமிஷம் பணிபுரியவே அமைக்கப்பட்டிருந்தும், 127 நிமிஷம் உயிரோடிருந்தது.

இவற்றின் புகழ் பெரிது. எனினும் வெனீரா 7-இன் செய்தி கலத்தால் மட்டும் கிடைத்ததன்று. ஓய்ந்துவிட்டது என்று தோன்றிய குரலைத் தேடி, அந்த நாடாக்களை மீண்டும் ஓடவிட்டுக் கேட்டவர்களாலும் கிடைத்தது. விடியற்காலையில் கீழ்வானில் வெள்ளி ஒளிரக் காணும்போது, அவர்களையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.