மனச்சோர்வுக்கு ஒரு மஞ்சள் பூ: செயிண்ட் ஜான்ஸ் வொர்ட் மூலிகையின் பயனும் ஆபத்தும்

‘மூலிகைதானே, அது என்ன செய்துவிடப்போகிறது?’ என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. ஐரோப்பாவிலும் அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு சிறிய கட்டுரை அவர்களை யோசிக்க வைத்தது.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இருவரின் உடல், பொருத்தப்பட்ட இதயத்தைத் திடீரென நிராகரிக்கத் தொடங்கியது. அவ்வாறு நேராமல் தடுக்க இருவரும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தை எடுத்து வந்தனர். ஆனால், இரத்தத்தில் அதன் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. காரணத்தைத் தேடியபோது, ஏறக்குறைய மூன்று வாரங்களாக இருவரும் மனச்சோர்வுக்கு ஒரு மூலிகை மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டது தெரியவந்தது. அதை நிறுத்திய பிறகே மருந்தின் அளவு பழைய நிலைக்குத் திரும்பியது.

அந்த மூலிகையின் பெயர் செயிண்ட் ஜான்ஸ் வொர்ட். தாவரவியல் பெயர் ஹைபெரிகம் பெர்ஃபொராட்டம்.

பெயர் வந்த கதை

ஐரோப்பாவின் சாலையோரங்களிலும் புல்வெளிகளிலும் தானாக முளைக்கும் செடி இது. இடுப்பளவு உயரம் வளரும். ஐந்து இதழ்கள் கொண்ட மஞ்சள் பூக்கள் கோடையில் கொத்துக்கொத்தாகப் பூக்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் புள்ளிகள் தெரியும். அவை ஓட்டைகள் அல்ல, எண்ணெய்ச் சுரப்பிகள். ‘துளையிடப்பட்டது’ எனப் பொருள்படும் ‘பெர்ஃபொராட்டம்’ என்ற பெயர் இதனால் வந்தது. மொட்டை நசுக்கினால் விரலில் சிவப்புச் சாயம் ஒட்டும்.

ஜூன் 24ஆம் நாள் கிறிஸ்துவர்கள் திருமுழுக்கு யோவானின் பிறப்பைக் கொண்டாடுகின்றனர். அந்த நாளையொட்டிப் பூப்பதால் இது யோவானின் செடியானது. ‘வொர்ட்’ என்பது செடி, பூண்டு ஆகியவற்றைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். அந்தச் சிவப்புச் சாயத்தை யோவானின் இரத்தம் என்றே கிராம மக்கள் நம்பினர். நம் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதைப்போல், தீய சக்தி அண்டாமலிருக்க இச்செடியைக் கதவின்மேல் தொங்கவிட்டனர். ‘பேய் விரட்டி’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரும் இதற்கு உண்டு.

பாட்டி வைத்தியத்தில்

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் டயஸ்கொரிடிஸ், தீப்புண்ணுக்கும் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கும் இம்மூலிகையைக் குறிப்பிட்டுள்ளார். 1597இல் மூலிகை நூல் வெளியிட்ட இங்கிலாந்தின் ஜான் ஜெரார்ட், ஆழமான காயங்களுக்கு இதன் எண்ணெயைப் பரிந்துரைத்தார்.

அந்த எண்ணெயைச் செய்யும் முறை எளிது. புதிதாகப் பறித்த பூக்களைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஒலிவ எண்ணெய் ஊற்றிச் சில வாரங்கள் வெயிலில் வைப்பார்கள். எண்ணெய் மெல்லச் சிவக்கும். வடிகட்டி எடுத்து காயம், சுளுக்கு, தீப்புண் ஆகியவற்றுக்குப் பூசுவார்கள். காய்ந்த பூவையும் இலையையும் தேநீராக்கி, மனக்கலக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் குடிப்பார்கள். ஜெர்மனியில் இப்பழக்கம் இன்றும் உண்டு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மனக்கலக்கத்துக்கு இதைக் குடித்தது வெறும் நம்பிக்கை மட்டுமல்ல. ஜெர்மனியின் மூலிகை மருத்துவ நிபுணர் குழு 1984இல் இதற்கு ஒப்புதல் அளித்தது. 2008இல் வெளியான ‘காக்ரேன்’ மீளாய்வு, 29 சோதனைகளில் பங்கேற்ற 5,489 நோயாளிகளின் முடிவுகளைத் தொகுத்தது. மனச்சோர்வுக்கு இம்மூலிகை வெற்று மாத்திரையைவிட நன்றாகவும், வழக்கமான மருந்துகளுக்கு இணையாகவும் வேலை செய்ததாக அது கண்டறிந்தது. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த சோதனைகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

மாறாக, 2002இல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த சோதனையில், ஓரளவு கடுமையான மனச்சோர்வுக்கு இது வெற்று மாத்திரையைவிட மேலானதாகத் தெரியவில்லை. அதே சோதனையில் பயன்படுத்தப்பட்ட வழக்கமான மருந்தும் முக்கிய அளவீடுகளில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

மருந்தை விரட்டும் மூலிகை

இதில் உள்ள ஹைபர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைப் பெருக்கிவிடுகிறது. குடல், எடுத்த மருந்தை மீண்டும் வெளியே தள்ளும் வேகமும் கூடுகிறது. அதனால், வேளை தவறாமல் மாத்திரை எடுத்தாலும் இரத்தத்தில் போதிய அளவு நிற்பதில்லை. சூரிக் நோயாளிகளுக்கு நேர்ந்தது இதுதான்.

இவ்வாறு வலுவிழக்கும் மருந்துகள் பல:

• இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின்
• இதயத்துக்கான டிஜாக்சின்
• கருத்தடை மாத்திரைகள்
• எச்.ஐ.வி. மருந்துகள்
• உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்கான மருந்துகள்
• சில புற்றுநோய் மருந்துகள்

மனச்சோர்வுக்கான ஆங்கில மருந்தோடு இதைச் சேர்த்தால் நேர்வது வேறு வகை ஆபத்து. செரோடோனின் என்ற பொருளின் செயல்பாடு மிகையாகி நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம், காய்ச்சல் ஏற்படலாம். சிலருக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும். இச்செடியை மிகுதியாக மேயும் ஆடுமாடுகளுக்கும் இதே பாதிப்பு உண்டு.

2000ஆம் ஆண்டிலேயே பல நாடுகள் எச்சரிக்கை விடுத்தன. அயர்லாந்தில் மருத்துவரின் சீட்டு இல்லாமல் இதை விற்கத் தடை வந்தது.

கவனிக்க வேண்டியவை

இன்று இணையத்தில் எந்த நாட்டு மூலிகையையும் வாங்கிவிடலாம். அம்மாவின் மனம் சரியில்லை என்று அக்கறையோடு பிள்ளைகள் வாங்கித் தரும் புட்டி, அவர் ஏற்கெனவே எடுக்கும் இதய மருந்தைச் செயலிழக்கச் செய்யலாம். மருத்துவர் கேட்கும்போது மாத்திரைகளை மட்டும் சொல்லி மூலிகையை விட்டுவிடாதீர்கள். புட்டியையே எடுத்துச் சென்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள்.

ஏற்கெனவே எடுத்து வருபவர்கள், ஆபத்து என்று அறிந்ததும் தாமாகவே சட்டென நிறுத்துவதும் சரியல்ல. நொதிகள் பழைய நிலைக்குத் திரும்ப ஓரிரு வாரங்கள் ஆகும். மூலிகை இருந்தபோது கூட்டி வைத்த வார்ஃபரின் அளவு, அது நின்றதும் மிகையாகி இரத்தக் கசிவில் முடியலாம். எனவே, தொடங்குவதானாலும் நிறுத்துவதானாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தொடர்ந்து வாரக்கணக்கில் மனம் சோர்ந்தே இருந்தால், அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய்தான்.