சோலிங்கனிலிருந்து சின்னமனூர் வரை

சின்னமனூர்ப் பக்கம், நாவிதத் தொழிலை எப்போதோ விட்டுவிட்ட பெரியவர் ஒருவரின் கருவிப் பையான அடைப்பத்துக்குள் அந்தச் சவரக் கத்தி இருக்கிறது. தண்டில் பொறித்த 'சோலிங்கன்' என்ற பெயரில் பாதி எழுத்துதான் மிச்சம். மீதியைப் பெருவிரல் தேய்த்துவிட்டது. புதிதில் அலகு முக்கால் அங்குல அகலம் இருந்திருக்கும். இப்போது அரை அங்குலம்கூடத் தேறாது. முதுகை வெளிச்சத்தில் திருப்பினால் இரண்டு பக்கமும் பட்டையாக ஒரு மினுமினுப்பு ஓடுகிறது. கல் தின்ற இடம் அது.

சோலிங்கன், ஜெர்மனியில் வுப்பர் ஆற்றை ஒட்டிய ஊர். ஓடை நீரில் சாணைச் சக்கரம் சுற்றி வாளும் கத்தியும் செய்தவர்களின் ஊர். சோலிங்கன் பெயர் எடுப்பதற்கு முன் சவரக் கத்தி என்றால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுதான். அங்கே 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மூசையில் உருக்கி வார்த்த எஃகு, கத்தித் தொழிலையே மாற்றியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அலகின் இரு பக்கத்தையும் குழிவாகக் கடைந்து மெலிதாக்கும் வேலையில் சோலிங்கன்காரர்கள் முந்திக்கொண்டார்கள். போலிகள் பெருகியதால் 1938-இல் ஊர்ப் பெயருக்கே சட்டக் காப்பு வாங்கினார்கள்.

இந்தக் கத்திகள் கப்பலில் இந்தியா வந்து, மதுரைக் கடைகளுக்கு இறங்கி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி, சின்னமனூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தன. 1928-இல் மதுரை–போடி ரயில் வந்த பிறகு வழி சுலபமானது. பொறியாளர் பென்னிகுவிக்கின் அணையால் 1895 முதல் முல்லைப் பெரியாறு பாய்ந்த பூமி. இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர். சவரக் கூலியும் நெல்லாகத்தான் வந்தது. தினமும் காசில்லை, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடுவார்கள். ஆகவே ஒரு கத்தி வாங்குவதென்றால் போகம் விளைய வேண்டும். வாங்கிய கத்தியை ஆயுசுக்கும் காப்பாற்றியாக வேண்டும். அந்தப் பாதுகாப்பு வேலைதான் என் கண்ணுக்குப் பெரிய கலையாகத் தெரிகிறது. சவரம் செய்வது அதற்குப் பிந்தியதுதான்.

கத்தியோடு கூடவே இருப்பது தீட்டுக்கல். ஐரோப்பிய நாவிதர்கள் பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வெட்டிய மஞ்சள் கல்லைப் போற்றினார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கார்னெட் மணிகள் பரவியிருக்கும், எஃகைத் தின்பவை அவைதான். 1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் கார்போரண்டம் என்ற கடினப் பொருளை உண்டாக்கிய பிறகு, மலையை வெட்டாமலே கல் செய்ய முடிந்தது. 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சாணைப் பொருள்களைச் சென்னைத் திருவொற்றியூரிலேயே செய்தது. பெரியவரின் கல்லும் செயற்கைக் கல்தான்: உள்ளங்கை நீளம், சாம்பல் நிறம், ஒரு முகம் சொரசொரப்பு, மறுமுகம் வழவழப்பு.

தீட்டும்போது அவர் கத்தியைக் கல்லின்மேல் முழுசாகப் படுக்க வைக்கிறார். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். கோணத்தைக் கை நிதானிக்கத் தேவையில்லை. முதுகின் கனமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. வாய் தேயத் தேய முதுகும் தேய்வதால் எத்தனை வருஷமானாலும் கோணம் அதிகம் மாறாது. சோலிங்கனில் ஒருவர் கணக்குப் போட்டு அடித்த வடிவம் இங்கே கல்லில் திரும்பத் திரும்பப் பிறந்துகொண்டே இருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

கல் அலகைவிடக் குறுகல். அதனால் நேராக இழுக்காமல், அடியில் தொடங்கி நுனியில் முடிகிற மாதிரி சாய்வாக ஓட்டுகிறார். திருப்பும்போது முதுகைக் கல்லிலேயே ஊன்றிப் புரட்டுகிறார்; வாய் எதன்மேலும் உரசுவதில்லை. அழுத்தமே கிடையாது, கத்தியின் எடைதான். சில இழுப்புகள் போதும். ஆசைப்பட்டு அதிகம் தீட்டினால் விளிம்பு இழையாகப் பிரிந்து சுருளும், அடுத்தவர் கன்னத்தில் எரியும். கல்லில் வாய் முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே போகும். கல் அவ்வப்போது, வார் ஒவ்வொரு சவரத்துக்கும். சைக்கிளில் வரும் சாணைக்காரரிடம் அரிவாளைக் கொடுப்பார்கள், சவரக் கத்தியைக் கொடுக்க மாட்டார்கள். சக்கரச் சூட்டில் மெல்லிய வாயின் பதம் போய்விடும்.

முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மை. பிறகு ஏன் கத்தி மழுங்குகிறது? 2020-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டியே பார்த்தார்கள். எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், முடி சாய்வாக அழுத்தும்போது விளிம்பு துணுக்குத் துணுக்காக உடைகிறது. கன்னத்தை நன்றாக ஊறவைத்து, தோலை இழுத்துப் பிடித்து, முடி படுக்காமல் வெட்டுகிற பழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும். பெரியவர் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறிய நாட்களில் கத்திக்கு இன்னொரு எதிரி ஈரம். இது துருப்பிடிக்கிற கார்பன் எஃகு. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாமல் மடக்கினால் மறுநாள் காலையில் செம்புள்ளி வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கத்தியின் கதையை எழுதக் கூடாது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் இத்தகைய கத்திகள் தலித் மக்களின் கன்னத்தைத் தொட அனுமதிக்கப்படவில்லை. 1955-இன் தீண்டாமை ஒழிப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கிய பிறகும் மறுப்பு தொடர்ந்தது. பல ஊர்களில் ஆதிக்கச் சாதிகளின் மிரட்டலுக்கு அஞ்சியே நாவிதர் மறுத்தார். அவரையும் அதே ஊர் திண்ணைக்குக் கீழேதான் நிறுத்தியது.

கத்தியின் வேலையை முடித்து வைத்தது நோய்ப் பயம். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பிற்பாடு தொற்று அதிகம் பதிவான மாவட்டங்களில் தேனியும் ஒன்றானது. உண்மையில் சவரக் கத்தியில் அதைவிட எளிதாகப் பரவக்கூடியது ஹெபடைட்டிஸ் பி. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடிருக்கும். கல்லும் தோல்வாரும் எவ்வளவு கூர் கொடுத்தாலும் கிருமியைக் கொல்லாது. டோபாஸ், செவனோக்ளாக் பிளேடை இரண்டாக ஒடித்துப் பிடியில் செருகி, ஆளுக்கு ஒன்று போட்டுத் தூக்கி எறிவது வழக்கமானது. இந்த மாற்றம் சரிதான். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு முடி காணிக்கை கொடுக்கப் போனாலும் இன்று பாதி பிளேடுதான். 2021-இல் தமிழக அரசு, கோயில்களில் மொட்டைக்குக் கட்டணத்தை நீக்கி, மொட்டையடிக்கும் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. களத்து நெல்லை நம்பிய தலைமுறைக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

பெரியவரின் மகன் சலூன் வைத்திருக்கிறார். கன்னத்தை ஊறவைப்பதும், தோலை இழுத்துப் பிடிப்பதும், கடைசியில் படிகாரம் தடவுவதும் அப்பாவிடம் கற்றவை. கல்லில் தீட்ட அவர் கற்கவில்லை. கத்தரி மழுங்கினால் தேனிக்குக் கொடுத்தனுப்பிச் சாணை பிடித்து வாங்குகிறார்.