வள்ளியும் ஔவையும்

கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிறவர்கள், தரிசனம் முடிந்ததும் வெளியே வந்து வடக்கு நோக்கிக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பது வழக்கம். பனி மூட்டம் இல்லாத நாளானால், வெகு தூரத்தில், கீழே சமவெளியில் ஒரு சின்னஞ்சிறு குன்று தெரியும். அதுதான் பழனி. அடிவாரத்திலிருந்து படியேறுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிற அந்த மலை, ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலிருந்து பார்க்கும்போது யாரோ தரையில் வைத்துவிட்டு மறந்துபோன எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். இந்தக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் எழுப்பியவர் இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார்; பிறப்பால் வெள்ளைக்காரர். முருகன் யாரைப் பிடித்துக்கொள்வான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது போலும்!

அவன் பிடித்துக்கொண்ட இன்னொரு பெண்மணியைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். பழனி அடிவாரத்தில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியைக் கேட்டவர்களுக்குக் கே.பி. சுந்தராம்பாளின் குரலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனைமரத்து உச்சியிலிருந்து கூப்பிடுவது போன்ற குரல். குழைவு இருக்கும், கொஞ்சல் இருக்காது.

அம்மையார் 1908-ல் பிறந்தது காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடக்கும் பக்தர்கள், தீர்த்தக் காவடிக்கு நீர் முகந்துகொள்ளும் ஊர் அது. பெயரின் முதல் எழுத்தே அந்த ஊர்தான். இளமையில் வறுமை, சிறுமியாக இருக்கும்போதே நாடகக் கம்பெனி வாழ்க்கை. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் எட்டுகிற குரல் இருந்தால்தான் பிழைப்பு. அந்தக் குரல் அவரைக் கடல் தாண்டி இலங்கைக்கும் கொண்டு போயிற்று.

கொழும்பில்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அவருடன் மேடையேறினார். நாடகம், சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். கிட்டப்பா வேலன், சுந்தராம்பாள் வள்ளி. போட்டி போட்டுக்கொண்டு பாடினார்கள். ஜனங்கள் விடிய விடியக் கேட்டார்கள். 1927-ல் இருவரும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு, ஜாதியும் வேறு. பிறகு மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்றிலிருந்து அம்மையார் வெள்ளைப் புடவையும் திருநீறுமே அலங்காரம் என்று ஆனார். எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். இதைப் பதிபக்தி என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுவது எல்லோருக்கும் சுலபம். பதிபக்தி இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாடகக்காரியை ஒருவருடைய மனைவி என்று ஏற்றுக்கொள்ள ஊர் தயங்கிய காலம் அது. விதவையாக இருக்க வேண்டுமானால் முதலில் மனைவியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? வாழ்ந்த நாளில் உலகம் அரைமனதாகக் கொடுத்த ஸ்தானத்தை, அந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மையார் முழுசாக எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பெறவில்லை, எடுத்துக்கொண்டார்.

சினிமா அவரை விடவில்லை. 'நந்தனார்' எடுக்க வந்தவர்களைத் தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். அந்நாளில் அது ஒரு முழுப் படத்தையே எடுத்துவிடக் கூடிய தொகை. வந்தவர்களோ சரி என்று சொல்லிவிட்டார்கள்! 1935-ல் படம் வெளியாயிற்று. கதாநாயகியாக அல்ல, நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடித்தார். மகாராஜபுரம் விசுவநாத அய்யர் வேதியராக வந்தார். படத்தில் மரமும் மாடும் ஆடும்தான் நன்றாக நடித்திருந்தன என்ற ரீதியில் கல்கி விமர்சனம் எழுதி வேடிக்கை செய்தார். ஆனால் பாட்டை யாரும் குறை சொல்லவில்லை.

அப்புறம் வந்த வேஷங்களை வரிசையாகப் பாருங்கள். 1940-ல் 'மணிமேகலை', துறவி. 1953-ல் ஜெமினி வாசனின் 'ஔவையார்'. கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்த அந்தப் படம் தமிழ்நாட்டுக் கொட்டகைகளைக் கோயில்களாக்கிவிட்டது. 1964-ல் மு. கருணாநிதியின் 'பூம்புகார்', கவுந்தியடிகள், மறுபடியும் துறவி. அதில் தெய்வ நீதியைச் சந்தேகிப்பது போல் ஓர் அடி பாட்டில் வந்ததாம். பாட மாட்டேன் என்றார் அம்மையார். பகுத்தறிவுக் கட்சிக்காரரான கருணாநிதி அடியை மாற்றிக் கொடுத்தார். 1951-லேயே மேல்சபை உறுப்பினராகி, சட்டசபைக்குள் சென்ற முதல் சினிமா நட்சத்திரம் என்று பெயர் வாங்கியவர் அம்மையார். யாரிடம் எதைக் கேட்பது என்பது அவருக்குத் தெரியாதா!

ஆக, மற்ற நடிகைகளுக்கு எது சினிமா வாழ்க்கையோ, அந்தப் பகுதியே இவருக்குக் கிடையாது. காதலி இல்லை, புது மனைவி இல்லை, குடும்பத் தலைவி இல்லை. மேடையில் வள்ளியாக இருந்தவர், திரையில் நேரே பாட்டியாகிவிட்டார். நடுவிலே இருக்க வேண்டிய ஒரு பெண்ணின் வயது முழுவதும் காணோம். நமக்கு அது நஷ்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருபத்தேழு வயதுச் சுந்தராம்பாள் வள்ளியாக நடித்த ஒரு படச்சுருள் இருந்தால் என்ன கொடுத்துப் பார்க்க மாட்டோம்!

1965-ல் ஏ.பி. நாகராஜன் 'திருவிளையாடல்' எடுத்தபோது, மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்துவிட்ட பால முருகனிடம் அம்மையாரை ஔவையாக அனுப்பினார். ஆண்டியாக நிற்கும் பிள்ளையைப் பார்த்து, நீயே பழமாக இருக்க உனக்கு எதற்கப்பா பழம் என்று பாட்டி சமாதானம் சொல்கிற கட்டம். தமிழர்களில் பாதிப் பேருக்குப் பழனி என்ற ஊர்ப் பெயரின் அர்த்தம் அந்தக் கட்டத்திலிருந்துதான் தெரியும். கொழும்பு மேடையில் வேலனோடு வாதாடிய அதே குரல்தான். இப்போது அவனைக் குழந்தையாக்கிக் கெஞ்சுகிறது, கொஞ்சம் அதட்டவும் செய்கிறது. 1967-ல் 'கந்தன் கருணை'யிலும் அதே ஔவை, அதே முருகன்.

கல்யாண வீட்டில் விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று உள்ளே திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே வீடுகளில் பொழுது விடிந்ததும் ரேடியோவில் முதலில் கேட்டது ஒரு விதவையின் பாட்டு. தைப்பூசத்துக்குக் காவடி தூக்கியவனின் காலுக்குத் தெம்பு கொடுத்ததும் அந்தக் குரலே. இந்த முரண்பாட்டை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அம்மையாரும் சொல்லவில்லை. அவர் பாடிக்கொண்டே இருந்தார்.

1969-ல் சாண்டோ சின்னப்பா தேவர், அவரும் முருகனைத் தவிர வேறொன்றறியாதவர், 'துணைவன்' படத்தில் அம்மையாரைப் பாட வைத்தார். குன்னக்குடி வைத்தியநாதன் சங்கீதம். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காகக் கிடைத்தபோது அம்மையாருக்கு வயது 61. மறு வருஷம் பத்மஸ்ரீ. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்' வந்தது. அதிலும் இளமைப் பருவத்துக்கு வேறொரு நடிகை; பேய் உருவம் வேண்டிப் பெற்ற பிறகு வரும் அம்மையார்தான் சுந்தராம்பாள். 1980-ல் அவர் காலமானார். கொடுமுடியிலிருந்து தீர்த்தக் காவடிகள் பங்குனி தவறாமல் பழனிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.