சால்ஸாவும் சட்டமும் தேர்தலும்: ரூபன் பிளேட்ஸின் பொதுவாழ்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

சங்கீதத்தால் பிரசித்தியடைந்த ஒருவர் நாளடைவில் நடிகராகி, அவ்விரு துறைகளிலும் ஈட்டிய புகழையே முதலாகப் போட்டு அரசியலில் இறங்கினார் என்ற முறையிலேதான் பனாமா தேசத்துச் சால்ஸாப் பாடகர் ரூபன் பிளேட்ஸின் சரித்திரம் பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. ஆண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அதில் குற்றம் காண இடமில்லை. ஆயினும், காரண காரியத் தொடர்பை நோக்குமிடத்து அவ்வரிசை தலைகீழாகவே தோன்றுகிறது. அரசியலே அவரிடம் முதலில் வந்தது. பாட்டு அதற்கு வாய்த்த வடிவம். சினிமா இடையில் வந்து சேர்ந்தது. 1994ஆம் ஆண்டு தேர்தலில் அவர் கண்ட தோல்வியின் வேரையும் 1968ஆம் ஆண்டிலேயே தேட வேண்டும் என்பது என் துணிபு.

பிளேட்ஸ் 1948ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி பனாமா நகரில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் செயின்ட் லூசியா தீவிலிருந்து பனாமாவில் வந்து குடியேறியவர். தகப்பனார் தாளவாத்தியக்காரர், போலீஸ் இலாகாவில் துப்பறியும் உத்தியோகமும் பார்த்தவர். கியூபாவிற் பிறந்த தாயார் பியானோ வாசிப்பவர், பாடகி, வானொலி நாடக நடிகை. பாட்டும் நாடகமும் குற்ற விசாரணையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. சிறுவரோ அமெரிக்க ராக் இசையில் மயங்கி ஆங்கிலத்திலேயே பாடிக்கொண்டிருந்தார். 1964 ஜனவரி 9ஆம் தேதி, அமெரிக்க ஆட்சியிலிருந்த கால்வாய் மண்டலத்தில் தம் நாட்டுக் கொடியை ஏற்றச் சென்ற பனாமிய மாணவர்களுக்கும் மண்டலத்தாருக்கும் மூண்ட கலகத்தில் இருபதுக்கு மேற்பட்ட பனாமியர் மாண்டனர். அந்த நிகழ்ச்சிக்குப் பின் ஆங்கிலத்தில் பாடுவதை விட்டுவிட்டதாக அவரே பன்முறை கூறியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது பதினைந்து.

1968 அக்டோபரில், பதவியேற்றுப் பதினொரு நாட்களே ஆகியிருந்த ஜனாதிபதி அர்னுல்ஃபோ அரியாஸை ராணுவத்தார் வீழ்த்தினர். அதிகாரம் விரைவிலேயே அவர்களுள் ஒருவரான ஓமர் டோரிஹோஸ் கைக்குச் சென்றது. பிளேட்ஸ் சட்டம் பயின்றுகொண்டிருந்த பனாமா சர்வகலாசாலை மூடப்பட்டது. அந்த இடைவெளியில்தான் அவர் நியூயார்க் சென்று, 1970இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பின்னர் ஊர் திரும்பிப் படிப்பை முடித்தார் எனினும், 1973இல், பின்னாளில் பனாமாவின் சர்வாதிகாரியான ராணுவ அதிகாரி நோரியேகாவின் பகைக்கு ஆளான அவர் குடும்பம் மயாமிக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு அவரும் அமெரிக்கா சேர்ந்தார். அங்கு ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனியில் அவருக்குக் கிடைத்தது தபால் அறையில் கடிதம் பிரிக்கும் வேலை. சட்டப் பட்டதாரி ஒருவர், தாம் எழுதிய பாட்டுகளைப் பிறர் பதிவு செய்யும் கட்டடத்தில் தபால் மூட்டையோடு போராடிக்கொண்டிருந்தார்! ரே பரெட்டோவின் குழுவில் பாடகராகச் சேர்ந்து, பின் டிராம்போன் வித்துவான் வில்லி கோலோனோடு இணைந்தபோதுதான் அவர் காலம் மாறிற்று.

சால்ஸா என்பது கியூபாவின் சோன் இசையை அடித்தளமாகக் கொண்டு, நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கர் சேரிகளில் உரம்பெற்ற ஆட்டப்பாட்டு. காதலும் களியாட்டமுமே அதன் பெருவாரியான விஷயங்களாக இருந்த காலத்தில், பிளேட்ஸ் அதனுள் கதாபாத்திரங்களைக் கொண்டுவந்தார். 1978இல் கோலோனும் அவரும் வெளியிட்ட ‘சியெம்ப்ரா’ என்ற இசைத்தட்டு சால்ஸா வரலாற்றிலேயே மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்று. அதில் இடம்பெற்ற ‘பெட்ரோ நவாஹா’ ஏழு நிமிஷத்துக்கு மேற்பட்டது. இத்தனை நீளமான பாட்டை எந்த வானொலி ஒலிபரப்பும் என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட் படைத்த கத்திக்காரனின் சாயலில் பிறந்தவன் இதன் நாயகன். சாய்த்து வைத்த தொப்பி, பையினுள் மறைந்த கைகள், சிரித்தால் மின்னும் தங்கப்பல். எதிர்த்திசையில் அன்று வாடிக்கை கிடைக்காத ஒரு விலைமகள். அவன் கத்தியால் குத்துகிறான், அவள் கைத்துப்பாக்கியால் சுடுகிறாள், இருவரும் சாகிறார்கள். அவ்வழி வந்த குடிகாரன் ஒருவன் ஆயுதங்களையும் காசையும் பொறுக்கிக்கொண்டு பாடியபடியே நடந்துவிடுகிறான். உபதேசம் ஒன்றும் கிடையாது. போலீஸ் அறிக்கையின் வரட்சியோடு விவரங்கள் வந்து விழுகின்றன. இதனை வெறும் கேளிக்கைப் பாட்டு என்பார் உண்டு. ஏழ்மை மனிதரை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன மேடைப் பிரசங்கம் எதையும் நான் அறியேன்.

பின் வந்தவை வெளிப்படையானவை. வல்லரசைச் சுறாமீனாக உருவகித்த ‘திபுரோன்’ என்ற பாட்டு 1981இல் வெளிவந்தபோது, மயாமியின் கியூபர்கள் அவரைக் கம்யூனிஸ்ட் என்று தூற்றினர். 1984ஆம் ஆண்டின் ‘புஸ்காண்டோ அமெரிக்கா’ தொகுப்பில், எல் சால்வடாரில் கொலையுண்ட பேராயர் ரொமேரோவை நினைவூட்டும் பாதிரியார் ஒருவரையும், சர்வாதிகார ஆட்சிகளில் காணாமற் போனோரைத் தேடும் உறவினரையும் பாடினார். புகழின் உச்சியில் இருந்தவர், அதை விட்டு ஹார்வர்டில் மாணவராக அமர்ந்து 1985இல் சட்ட முதுகலைப் பட்டம் பெற்றது அக்காலத்தில் வேடிக்கையாகப் பேசப்பட்டது. மேற்கூறிய பின்னணியில் அது இயல்பானதே. அதே ஆண்டு வெளிவந்த ‘கிராஸ்ஓவர் டிரீம்ஸ்’ படத்தில், சொந்த இசையைக் கைவிட்டு வெற்றியைத் துரத்தும் பாடகனாக நடித்தார். 1988இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு இயக்கிய படத்தில் கிராமத்துக் காவல் அதிகாரி வேஷம். ஹாலிவுட்டில் அவர் பெற்றவை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களே. அவற்றை நீட்டி எழுத அவசியமில்லை.

1989 டிசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவில் புகுந்து நோரியேகாவின் ஆட்சியை ஒழித்தது. அதற்குப் பிந்திய சூழ்நிலையில் பிளேட்ஸும் நண்பர்களும் ‘பாப்பா எகோரோ’ என்ற கட்சியைத் தோற்றுவித்தனர். எம்பெரா பழங்குடியினரின் மொழியில் ‘பூமித்தாய்’ என்பது பொருள். 1994 மே மாதம் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அவருக்குச் சுமார் 17 சதவீத வாக்குகளும் மூன்றாம் ஸ்தானமும் கிடைத்தன. சட்டசபையில் கட்சி ஆறு இடங்களைப் பெற்றது. நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்ந்தவர் என்ற குறைகூறல் அவரைப் பாதித்தது உண்மை. அதனினும் முக்கியமானது அவரை முந்தியவர்கள் யார் என்பது. சுமார் 33 சதவீதத்தோடு வென்ற பெரஸ் பயாதாரெஸ், டோரிஹோஸ் நிறுவிய கட்சிக்காரர். இரண்டாவதாக வந்த மிரெயா மொஸ்கோஸோ, அரியாஸின் விதவை. 1968இல் வீழ்த்தியவரும் வீழ்ந்தவரும் மறைந்த பின்னரும், ஊர்தோறும் வேரோடிய அவர்களுடைய கட்சி அமைப்புகளே வாக்குகளைப் பங்கிட்டுக்கொண்டன. புதிய கட்சிக்குப் பாட்டு இருந்தது, கிளைகள் இல்லை.

1999ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பாப்பா எகோரோ நிலைக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் பிளேட்ஸ் ஆதரித்தது டோரிஹோஸின் மகனான மார்ட்டின் டோரிஹோஸை. தம் சர்வகலாசாலையை மூடிய ஆட்சியின் தலைவருடைய புதல்வரின் கீழ், ஐந்தாண்டுகள் சுற்றுலாத் துறை அமைச்சராகப் பணியாற்றினார். இதனைக் கொள்கைத் துரோகம் என்பது அவசரத் தீர்ப்பு. தனிக்கட்சி கட்டிப் பார்த்துத் தோற்றவர், இருக்கும் அமைப்புக்குள் புகுந்து ஒரு துறையையாவது நடத்திக் காட்ட முயன்றார் என்பதே பொருத்தமாகும். அக்காலத்தில் இசைப் பயணங்களைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்திருந்தார். 2009இல் பதவிக்காலம் முடிந்ததும் மேடைக்குத் திரும்பினார். அதன் பின் எந்தத் தேர்தலிலும் அவர் வேட்பாளராக நிற்கவில்லை.