ஓர் அரசரின் பவுத்திரம்

பிரான்சு தேசத்துப் பதினாலாம் லூயி மன்னரைப் பற்றிப் படிப்பிக்கும் நாங்கள் வெர்சேய் மாளிகையைச் சொல்வோம்; போர்களைச் சொல்வோம். 1686ஆம் ஆண்டில் அவர் குதிரையேறவும் இயலாது வருந்திய கதையை மாத்திரம் வகுப்பிற் சொல்வதில்லை. சபையிற் பேசக் கூசும் நோய் அது. நம்மவர் பவுத்திரம் என்பர். குதத்தின் உட்புறத்தே கட்டிய சீழ், பக்கத்துத் தசையினூடே வெளித்தோல்வரை வழி செய்துகொள்ளும். அவ்வழி தானாக மூடுவது அரிது.

பூச்சு மருந்துகள் பயனளிக்கவில்லை. சத்திரவைத்தியர் பெலிக்ஸ் சில மாத அவகாசம் பெற்று, மருத்துவமனைகளிற் கிடந்த ஏழை நோயாளரிடத்தே கைபழகினார். வளைந்த கத்தியொன்றும் செய்வித்தார். அரசர் பெயரைச் சொல்லும் நூல்கள் அவ்வேழைகளின் பெயர்களைச் சொல்வதில்லை. எனக்கோ அவர்களே முதலில் நினைவுக்கு வருகின்றனர். நவம்பர் 18ஆம் நாட் காலை, மயக்க மருந்து எதுவுமின்றி, அரசரின் புண்வழி கீறித் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் குணமடைந்தார். நாவிதரோடு ஒன்றாக எண்ணப்பட்ட சத்திரவைத்தியரின் மதிப்பும் உயர்ந்தது.

நேயர்களே, கீறித் திறக்கும் அம்முறை எளிய பவுத்திரத்துக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஆயின், மலத்தை அடக்கும் தசையின் பெரும்பகுதியை ஊடுருவிச் செல்லும் சிக்கலான பவுத்திரத்தில் கத்தியை அவ்வாறு செலுத்தினால், புண் ஆறும். அடக்கும் ஆற்றல் போய்விடும். நோய் நீங்கியும் நாலுபேர் நடுவே அமர முடியாதவனைக் குணமடைந்தவன் என்பது எங்ஙனம்?

இதனாலேயே தசையை அறுக்காத சிறு சத்திரசிகிச்சைகளை வைத்தியர் நாடினர். 2007இல் தாய்லாந்தின் ரோஜனசகுல், இரு தசைகளின் இடைவெளியிற் சிறிது கீறிப் புண்வழியைக் கட்டித் துண்டிக்கும் முறையை வெளியிட்டார். 18 பேரில் 17 பேருக்குப் புண் ஆறியது. இத்தாலியரான மெய்னேரோ, நுண்ணிய நோக்குகருவியைப் புண்வழிக்குள்ளேயே செலுத்தி உள்ளிருந்து சுட்டுத் தூய்மை செய்யும் முறையை 2011இல் விளக்கினார்.

தொடக்கத்திற் கண்ட வெற்றி பிறர் கைகளில் அத்துணை உயரவில்லை. நோய் மீண்டு வருவோர் பலர்; மறுமுறை மேசையேறுவோரும் உளர். ஆயினும் அவர்களுடைய தசை பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. தாய்லாந்து முறை தவறிய சிலருக்கு, நீண்ட புண்வழி குறுகி எளிய பவுத்திரமாய் எஞ்சுவதுமுண்டு. அதனை ஆற்றப் பெலிக்ஸ் கையாண்ட பழைய கீறலே போதுமானதாகிறது.